பீம்ஸ் விருதுக்கு ஒருவரைப் பரிந்துரைப்பது எப்படி: ஒரு முறை கோட்டைவிட்டவனின் குறிப்புகள்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் ஒரு இயற்பியல் துறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு நாள் துறைத் தலைவர் உங்கள் அறை வாசலில் வந்து நிற்பார். நம் மூத்த பேராசிரியர் ஒருவரை ஜெஸ்ஸி பீம்ஸ் ஆய்வு விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டும், நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்பார். ஒரு மாலை நேரத்து வேலைதான் என்றும் சொல்வார். நம்பாதீர்கள். எனக்கு முதல் தடவை பதினோரு வாரம் ஆனது, அப்படியும் தப்பாகச் செய்தேன். என்ன தப்பு என்பது 2-ஆம் படியில் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

1. மூன்று விருதுகளில் எது என்று பாருங்கள்

அமெரிக்க இயற்பியல் சங்கத்துக்குப் பிராந்தியப் பிரிவுகள் உண்டு. அதில் தென்கிழக்குப் பிரிவு கொடுக்கும் விருதுகளில் மூன்றைப் பலர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள். பீம்ஸ் விருது ஆய்வுக்கு. ஜார்ஜ் பெக்ரம் பதக்கம் கற்பித்தலுக்கு. பிரான்சிஸ் ஸ்லாக் விருது சேவைக்கு.

நாங்கள் பரிந்துரைத்த பேராசிரியர் மூன்றுக்கும் தகுதியானவர். அதுதான் வினையே. என் முதல் வரைவில் அவர் எத்தனை மாணவர்களை வளர்த்தார், எந்தெந்தக் குழுவில் உழைத்தார் என்று இரண்டு பத்தி ஓடியது. பீம்ஸ் விருதுக்கு அதெல்லாம் வெறும் இடத்தை அடைக்கும். இந்த விருது பார்ப்பது மூன்றே விஷயங்கள்: புதிய நிகழ்வையோ பருப்பொருளின் புதிய நிலையையோ கண்டுபிடித்தது, இயற்பியலில் அடிப்படையான ஒரு தெளிவைத் தந்தது, அல்லது மற்றவர்கள் முன்னேறுவதற்கான சோதனை முறையையோ கோட்பாட்டு முறையையோ உருவாக்கியது.

மூன்றாவதைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். கருவி கட்டுகிறவர்களுக்குப் பெரிய பரிசுகளில் எப்போதும் பின்வரிசைதான். இங்கே அப்படியில்லை. விருதின் பெயருக்குரிய ஜெஸ்ஸி பீம்ஸே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அதிவேக மையவிலக்குக் கருவிகளைக் கட்டிப் பெயர் வாங்கியவர். உங்கள் துறையில் வாழ்நாளெல்லாம் டிடெக்டர் செய்துகொண்டு பின்னால் நிற்கும் ஒருவர் இருந்தால், முதலில் அவரை யோசியுங்கள்.

2. வேலை எங்கே நடந்தது? இதில்தான் எல்லோரும் விழுகிறார்கள்

விதியில் ஒரு வரி இருக்கிறது. ஆய்வின் பெரும்பகுதி, அந்த ஆள் இந்தப் பிரிவின் 10 மாநிலங்களில் வசித்தபோது நடந்திருக்க வேண்டும். அலபாமா, புளோரிடா, ஜார்ஜியா, கென்டக்கி, லூசியானா, மிசிசிப்பி, வட கரோலினா, தென் கரோலினா, டென்னசி, வர்ஜீனியா. டெக்சஸ் இல்லை. மேரிலாந்து இல்லை.

நான் இந்த வரியைப் படித்தேன். அவர் 20 வருடமாக இங்கேதான் இருக்கிறார், அப்புறம் என்ன என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? கூகுள் ஸ்காலரைத் திறந்து, அவருடைய கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டதை முதலில் வைத்து, அதைச் சுற்றியே கடிதம் முழுவதையும் எழுதினேன். அந்தக் கட்டுரை அவர் இல்லினாய் மாநிலத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்தபோது செய்தது. முகவரி வரியில் அப்பட்டமாக அச்சாகியிருக்கிறது. எங்கள் துறையில் ஐந்து பேர் அந்த வரைவைப் படித்தோம், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்த ஆண்டு கிடைக்கவில்லை. ஏன் என்று யாரும் எழுதி அனுப்பமாட்டார்கள். வேறொரு பரிசுக் குழுவில் முன்பு இருந்த மூத்தவர் ஒருவரிடம் கோப்பைக் காட்டினேன். இரண்டு நிமிடம் புரட்டினார். "இவர் இங்கே வந்து என்ன செய்தார்னு இதில் எங்கே இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகவே முதல் வேலையாக ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். முக்கியமான பத்துக் கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, கட்டுரையில் அச்சான முகவரி, சோதனை நடந்த இடம், அப்போது அவர் குடியிருந்த ஊர். இதை எழுதிய பிறகு எந்தக் கட்டுரை முன்னால் வர வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். எங்கள் பேராசிரியர் விஷயத்தில், மேற்கோள் எண்ணிக்கையில் நான்காவதாக இருந்த கட்டுரைதான் உண்மையில் கோப்பின் முதுகெலும்பு.

இதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. விதி சொல்வது ஆளின் வசிப்பிடத்தை, கருவியின் இடத்தை அல்ல. அட்லாண்டாவில் குடியிருந்துகொண்டு ஜெனீவாவிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்தின் தரவில் வேலை செய்தவர் தாராளமாகப் பொருந்துவார். கலிபோர்னியாவிலிருந்து ஐந்து நாள் நியூட்ரான் கற்றை நேரத்துக்காக ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துக்கு வந்து போனவர் பொருந்தமாட்டார். அதேபோல, 15 வருடம் இங்கே உழைத்துவிட்டுப் போன வருடம் வேறு மாநிலத்துக்கு மாறிப்போனவரைப் பட்டியலிலிருந்து அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். விதியின் வாசகம் வேலை நடந்த காலத்தைப் பற்றித்தான் பேசுகிறது.

இருந்தாலும் கருவியும் இந்தப் பகுதியிலேயே இருந்தால் கோப்புக்கு நல்ல வலு. இந்தப் பக்கம் அதற்குக் குறைவில்லை: டென்னசியில் ஓக் ரிட்ஜ், வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸில் ஜெபர்சன் ஆய்வகம், லூசியானாவின் லிவிங்ஸ்டனில் ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ, டல்லஹாசியில் தேசிய உயர் காந்தப்புல ஆய்வகம். கடைசியாகச் சொன்னதில் ஒரு சின்னக் கண்ணி. அந்தக் காந்த ஆய்வகத்துக்கு மூன்று கிளைகள். டல்லஹாசியும் கெயின்ஸ்வில்லும் புளோரிடாவில் இருக்கின்றன, மூன்றாவது நியூ மெக்சிகோவின் லாஸ் அலமோஸில். வெறுமனே ஆய்வகத்தின் பெயரைப் போட்டால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

3. அவரிடம் சொல்லிவிடுங்கள்

இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று எங்கள் துறையில் ஒரு யோசனை இருந்தது. வேண்டாம். தன்விவரம் அவரிடம்தான் சரியாக இருக்கும். துறைத் தளத்தில் கிடக்கும் பிடிஎஃப் பெரும்பாலும் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் ஏற்றியது. எந்தச் சோதனையை எந்த ஊரில் செய்தார், எந்த யோசனை யாருடையது என்பதெல்லாம் அவர் சொன்னால் ஒழியத் தெரியாது. ஒரு மணி நேரம் காபியோடு உட்கார்ந்து பேசுங்கள், குறிப்பு எடுங்கள்.

மூத்தவர்கள் பலர் வெட்கப்படுவார்கள். எனக்கெதற்கு என்பார்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம், ஆனால் பரிந்துரை எழுதும் வேலையை அவர் தலையில் கட்டவும் கூடாது. தன்னைத் தானே பரிந்துரைக்கிற விருதல்ல இது. அவர் எழுதித் தந்து நீங்கள் கையெழுத்துப் போட்டால், படிக்கிறவர்களுக்கு மூன்றாவது வரியிலேயே வாசனை தெரிந்துவிடும்.

4. ஆதரவுக் கடிதங்கள்

மொத்த நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான் போகும். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் விருதுகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 2, அதிகபட்சம் 4 கடிதங்கள் கேட்பார்கள். நீங்கள் ஐந்து பேரிடம் கேளுங்கள். ஒருவர் முடியாது என்பார், இன்னொருவர் சரி என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார். என் விஷயத்தில் காணாமல் போனவர்தான் எல்லோரையும்விடப் பெரிய பெயர். நான்கு நினைவூட்டல் அனுப்பினேன். கடைசித் தேதிக்கு அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் வந்தது. பெரிய பெயரைவிடப் பதில் போடுகிற பெயர் மேல்.

யாரிடம் கேட்பது? எல்லாக் கடிதமும் கூட்டு ஆசிரியர்களிடமிருந்து வந்தால் அது குடும்ப விழா மாதிரி ஆகிவிடும். ஒருவராவது அவரோடு ஒரு கட்டுரையும் எழுதாதவராக, ஆனால் அவர் முடிவுகளைப் பயன்படுத்தியவராக இருக்கட்டும். இவர் காட்டிய முறையை எடுத்துத்தான் நாங்கள் இன்னதைச் செய்தோம் என்று வெளியாள் ஒருவர் எழுதும் ஒரு வரிக்கு, கூட வேலை செய்தவர் எழுதும் ஒரு பக்கம் ஈடாகாது. முனைவர் பட்ட வழிகாட்டியின் கடிதம் வேண்டாம் என்பது என் கருத்து. அவர் சொல்லப்போவதெல்லாம் பழைய கதை, அதுவும் பெரும்பாலும் வேறு மாநிலத்தில் நடந்தது.

பெரிய கூட்டு ஆய்வுகளில் இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈர்ப்பு அலையைக் கண்டறிந்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அதில் ஒருவர் என்பது மட்டும் ஒன்றையும் சொல்லாது. அந்தக் கருவியில் இந்தப் பாகத்தை இவர்தான் சரிப்படுத்தினார், இவர் இல்லாவிட்டால் அந்த இரைச்சல் குறைந்திருக்காது என்று உள்ளே இருந்து சொல்லக்கூடிய ஒருவரின் கடிதம் கட்டாயம் வேண்டும்.

கேட்கும்போது கையோடு அனுப்ப வேண்டியவை: விருதின் விதிகள், தன்விவரம், 2-ஆம் படியில் செய்த பட்டியல், அவர் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு வரி. ஒருவர் காந்தப்புலச் சோதனைகளைப் பற்றி, இன்னொருவர் நியூட்ரான் அளவீடுகளைப் பற்றி என்று பிரித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் அந்த இல்லினாய்க் கட்டுரையையே புகழ்வார்கள். அதுதானே அவர்களுக்கும் தெரிந்த கட்டுரை!

ஆனால் மாதிரிக் கடிதம் எழுதி அனுப்பாதீர்கள். உதவி செய்வதாக நினைத்து நான் அனுப்பினேன். திரும்பி வந்ததில் இரண்டு கடிதங்களில் ஒரே வாக்கியம், காற்புள்ளி உட்பட. நல்ல வேளை, பதிவேற்றும் முன் பார்த்துவிட்டேன். ஒருவரிடம் திரும்ப எழுதித் தரச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

கடிதம் கைக்கு வந்ததும் சரிபாருங்கள். நிறுவனத்தின் கடிதத்தாளில் இருக்கிறதா, கையெழுத்தும் தேதியும் உண்டா, விருதின் பெயர் சரியா? ஒரு கடிதத்தில் பெக்ரம் பதக்கத்துக்காக என்று இருந்தது. பழைய கடிதத்தை எடுத்துப் பெயரை மாற்ற மறந்திருக்கிறார். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிடிஎஃப் ஒன்றும் வந்தது.

5. உங்கள் கடிதமும் ஒற்றை வரி வாசகமும்

பரிந்துரைக் கடிதத்துக்கு எழுத்து எண்ணிக்கை வரம்பு இருக்கும். படிவத்தைத் திறந்து வரம்பைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள். எழுதி முடித்துவிட்டு வெட்டினால் நல்ல பகுதிதான் முதலில் போகும்.

முதல் பத்தியிலேயே மூன்றையும் சொல்லிவிடுங்கள்: என்ன கண்டுபிடித்தார், எந்த ஆண்டுகளில், எந்த ஊரில் இருந்தபோது. பிறகு அதனால் மற்றவர்கள் என்ன செய்ய முடிந்தது. குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் உங்கள் துணைப்பிரிவுக்காரர்கள் அல்ல. அணுக்கருக்காரரும் வானியல்காரரும் படிப்பார்கள். மேற்கோள் எண்ணிக்கையை ஓரிடத்தில் சொன்னால் போதும். எச்-இண்டெக்ஸை (கட்டுரைகளையும் மேற்கோள்களையும் வைத்துக் கணக்கிடும் ஓர் எண்) வைத்து ஆரம்பிக்கும் கடிதம் ஜாதகத்தை வைத்து ஆரம்பிக்கும் பெண் பார்க்கும் படலம் மாதிரி. ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்து அந்த ஒற்றை வரிப் பாராட்டு வாசகம். எதற்காக இந்த விருது என்பதைச் சொல்லும் வரி. கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள், முதல் வாரமே எழுதிப் பாருங்கள். "திண்மநிலை இயற்பியலில் அவரது தலைசிறந்த பங்களிப்புகளுக்காக" என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும், அதாவது யாருக்கும் பொருந்தாது. எந்தப் பொருளில், எந்த முறையால், எதைக் காட்டினார்? இந்த மூன்றும் அந்த வரிக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் உங்களுக்கே இன்னும் அவர் வேலை புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய் இன்னொரு காபி குடியுங்கள். நான் மூன்று தடவை போனேன்.

6. பதிவேற்றுதல்

எல்லாம் இணையத்தில்தான். சங்கத்தின் தளத்தில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு வேண்டும். உள்ளே போய்க் கடிதம், தன்விவரம், முக்கியக் கட்டுரைகளின் பட்டியல், ஆதரவுக் கடிதங்கள் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கோப்புகளுக்குக் குடும்பப் பெயரோடு சேர்த்துத் தெளிவான பெயர் வையுங்கள். இறுதி வரைவு இரண்டு, புதிய இறுதி என்றெல்லாம் பெயர் வைத்தால் எதை ஏற்றினோம் என்று உங்களுக்கே குழம்பும். சமர்ப்பித்த பிறகு வரும் உறுதி மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அது வராவிட்டால் சமர்ப்பிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பாருங்கள். வரைவாகச் சேமித்துவிட்டு முடிந்தது என்று தூங்கப் போனவர்கள் உண்டு.

7. எப்போது ஆரம்பிப்பது

பிரிவின் ஆண்டுக் கூட்டம் இலையுதிர் காலத்தில் நடக்கும், பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ. விருதுகளை அந்தக் கூட்டத்தில்தான் கொடுப்பார்கள். அதனால் பரிந்துரையின் கடைசித் தேதி அதற்குப் பல வாரங்கள் முன்னால் வந்துவிடும். போன வருடத்துத் தேதியை நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள்.

என் கணக்கு இது. ஜனவரியில் பேராசிரியரோடு பேச்சும் கட்டுரைப் பட்டியலும். பிப்ரவரியில் கடிதம் கேட்டு மின்னஞ்சல். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் பெரிய கூட்டம் மார்ச்சில் நடக்கும்போது எல்லோரும் அங்கே இருப்பார்கள். நேரில் பிடித்து நினைவூட்ட அதைவிட நல்ல இடமில்லை. ஏப்ரல் கடைசிக்குள் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். மே வந்துவிட்டால் பரீட்சை, பட்டமளிப்பு. அதற்கப்புறம் பாதிப்பேர் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு மாநாட்டில் இருப்பார்கள்.

கடைசி நேரம் எந்த மணிக்கணக்கில் என்பதையும் பாருங்கள். இந்தப் பத்து மாநிலங்களே இரண்டு நேர மண்டலங்களில் கிடக்கின்றன. டென்னசி ஒரே மாநிலம்தான், ஆனால் நாக்ஸ்வில்லில் மணி 12 அடிக்கும்போது நாஷ்வில்லில் 11.

8. செலவு

பரிந்துரைக்கக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் அது இந்த விருதே அல்ல. இதைச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக வந்தவர்களின் மின்னஞ்சலுக்கு, சிறந்த விஞ்ஞானி விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக்கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்று வாரத்துக்கு இரண்டு வரும். அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஒன்றைத் தன்விவரத்தில் சேர்த்தால் மற்ற வரிகளின் மதிப்பும் போய்விடும்.

உண்மையான செலவு கூட்டத்துக்குப் போவதில்தான். பரிந்துரைக்கும் முன் ஒரு முறையாவது போய்ப் பாருங்கள் என்பேன், யார் எதைப் பேசுகிறார்கள் என்பது புரியும். நான் போன ஆண்டு ஆறு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். பெட்ரோல், இரண்டு இரவு ஹோட்டல், பதிவுக்கட்டணம் எல்லாம் துறைப் பணத்தில். முன்கூட்டிக் கேட்டால் பெரும்பாலான துறைகள் கொடுக்கும். திரும்பி வந்து ரசீதை நீட்டினால்தான் முகம் சுளிப்பார்கள்.

9. கிரீன் கார்டுக்கு உதவுமா?

நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான், கடைசியில் வைத்திருக்கிறேன். அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான இபி-1ஏ என்ற கிரீன் கார்டு வகையில் உள்ள 10 அளவுகோல்களில் குறைந்தது 3 காட்ட வேண்டும். அதில் ஒன்று விருதுகள். ஆனால் அங்கே கேட்பது தேசிய அல்லது சர்வதேச அளவில் அறியப்பட்ட விருது. தென்கிழக்குப் பிரிவு கொடுக்கும் விருதை அதிகாரி பிராந்திய விருதாகப் பார்க்க எல்லா வாய்ப்பும் உண்டு. தேசிய அளவில் மதிப்புள்ளது என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. எப்படியும் பீம்ஸ் விருது ஒரு ஆய்வு முழுதாக விளைந்து நின்ற பிறகு வருவது. விசா அவசரத்தில் இருப்பவர் இதை நம்பி உட்கார வேண்டாம், வழக்கறிஞரைப் பாருங்கள்.

10. கிடைக்காவிட்டால்

சங்கத்தின் பரிந்துரைகள் பொதுவாக ஒரே ஆண்டோடு செத்துப்போவதில்லை, அடுத்த சில சுற்றுகளுக்கும் எடுத்துக்கொள்ளப்படும். எத்தனை சுற்று என்பது அறிவிப்பில் இருக்கும். அடுத்த சுற்றுக்குத் தானாகப் போகிறது என்றால் அதே பழைய கோப்பாகவே போகும் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே போய்ப் புதுப்பிக்கலாம் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

நான் இரண்டாவது முறை கடிதத்தை முழுக்க மாற்றினேன். இல்லினாய்க் கட்டுரை ஒரே ஒரு வரியாகச் சுருங்கியது. டல்லஹாசி, ஓக் ரிட்ஜ் வேலைகள் முன்னால் வந்தன. காணாமல் போன பெரிய பெயருக்குப் பதிலாக, அவருடைய அளவீட்டு முறையை எடுத்துப் பயன்படுத்தும் ஒரு இளம் ஆய்வாளர் எழுதினார். மூன்று நாளில் கடிதம் வந்தது. பேராசிரியரிடம் புதிய வரைவைக் காட்டியபோது, தான் இங்கே வந்து செய்த வேலையை யாரோ வரிசையாக எழுதி இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார். கோப்பு இந்தச் சுற்றில் இருக்கிறது. அடுத்த ஜனவரி 5-ஆம் தேதிக்கு இப்போதே காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டு வைத்திருக்கிறேன்.